எட்டு ஏற்றினால் ஒன்பது

நாச்சிமுத்து வீட்டுக் கணினியில் எட்டுப் பாட்டை சிடியில் ஏற்றுவார். காரில் போட்டால் ஒன்பது வரும். ஒன்பதாவதில் ஓர் ஆள் தொண்டையைக் கனைப்பான். சிடி என்றால் ஒன்றிரண்டு கூடுதலாக விழத்தான் செய்யும். அதை அவர் பெரிதுபடுத்தவில்லை.

ஆனால் அந்தக் கனைப்பைக் கேட்டதும் பக்கத்தில் இருந்த மனைவி பூங்கொடி தலைமுடியைக் கோதிக்கொண்டாள். அதுதான் உறுத்தியது. அவரும்தான் இருபது வருஷமாகக் கனைக்கிறார்.

“ஆரு அது?”

“எதுங்க?”

“கனைச்சானே.”

“சிடி உங்களுதுங்க. என்னையக் கேட்டா?”

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தார். எட்டுத்தான் இருந்தது. ஸ்பீக்கரில் காதை ஒட்டிக் கேட்டார். மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஆள் பலே கெட்டிக்காரன்.

அடுத்த சிடியை ஊசி நுழைய இடமில்லாமல் பாட்டால் நிரப்பினார். பல்லடம் தாண்டியதும் பாட்டுக்கு நடுவில் குரல் வந்தது.

“அம்மணி, கண்ணாடிய ஏத்திக்க. தூசு வருது.”

பூங்கொடி ஏற்றிக்கொண்டாள். அதையே நாச்சிமுத்து வீட்டிலிருந்து கிளம்பியது முதல் சொல்லிக்கொண்டு வந்தார்.

பாட்டு இருப்பதால்தானே வருகிறான் என்று நினைத்தார். பாட்டே இல்லாமல் ஒரு சிடி போட முடிவு செய்தார். ஏற்ற ஒன்றுமில்லையே, பரவாயில்லையா என்று கணினி கேட்டது. பரவாயில்லை என்றார். தட்டு வெளியே வந்தது. சிடி சுட்டது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார்.

பொள்ளாச்சியிலிருந்து திரும்பும்போது அதைப் போட்டார். இடைஞ்சலுக்குப் பாட்டு இல்லாததால் அந்த ஆள் சாவகாசமாகப் பேசினான்.

“முழங்கால் வலி எப்பிடி இருக்குது?”

“படி ஏறறப்பத்தான் குத்துதுங்க.”

முழங்கால் வலி இருப்பதே நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் தெரியும். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. பொத்தானை அழுத்தி சிடியை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பேச்சு நிற்கவில்லை.

“வண்டி ஓட்டறது ஆரு அம்மணி?”

பூங்கொடி திரும்பி நாச்சிமுத்துவை வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை என்பது முகத்திலேயே இருந்தது. வாயைத் திறந்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவர் துடித்தார். கனைக்கக்கூட வரவில்லை.

“உங்க பேரு என்னங்க?” என்று கேட்டாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. இருபது வருஷமாக அவரிடம் பேசும் அதே மரியாதைதான்.

அவர் பேரைச் சொன்னார்.

“நல்ல மனுசனாட்டத்தான் தெரியுதுங்க,” என்று அந்த ஆளிடம் சொன்னாள்.

“செரி. நம்மள வீட்டுல எறக்கி உட்டுட்டு அவரு கெளம்பட்டும்.”

ஊருக்குள் நுழைந்ததிலிருந்து பூங்கொடி வழி சொல்லிக்கொண்டே வந்தாள். இடது பக்கம் திரும்பச் சொன்னாள். மேடு வரும் என்று மெதுவாகப் போகச் சொன்னாள்.

“அந்த நீலக் கேட்டுங்க,” என்றாள். “அங்க நிறுத்திருங்க.”

போன தைப்பொங்கலுக்கு அந்தக் கேட்டுக்கு நீலம் அடித்தது நாச்சிமுத்துதான். அவர் நிறுத்தினார்.