சிவப்புப் பொட்டு வைத்த நண்டுகள்

கிட்டே வாருங்கள், என் கண்ணுகளா. கதவைச் சாத்திவிட்டுக் கால்களைப் பாய்மேல் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். தரையில் ஊர்கிற ஒன்றைப் பற்றித்தான் ஒரு கதை சொல்லப்போகிறேன். பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம், தப்பில்லை.

டொமினிக்கா தீவில் எங்கள் அன்ஸ் நுவார் கரைக்கு, மழை விட்டதும் கறுப்பு நண்டுகள் மலையிலிருந்து இறங்கிவரும். ரோட்டில் நடக்கும், மாதா கோயில் படியேறும், காயப்போட்ட சட்டைக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கும். பிடிப்பது சுலபம். ஆனால் பிடித்த உடனே யாரும் சமைப்பதில்லை. கரையோரத்து மஞ்சினீல் மரத்தின் பழத்தை அது தின்றிருக்கும். நண்டுக்கு ஒன்றும் ஆகாது. நமக்கோ, அந்த மரத்தடியில் மழைக்கு ஒதுங்கினாலே தோல் கொப்பளித்துவிடும். அதற்காகவே அடிமரத்தில் சிவப்புச் சாயம் பூசி வைத்திருப்பார்கள். அந்தப் பழம் தின்ற நண்டைத் தின்றால் தொண்டை வீங்கி மூச்சு நிற்கும். ஆகவே பீப்பாயில் போட்டு, தேங்காயும் ஈரப்பலாவும் தீனி கொடுத்து, அதன் வயிறு சுத்தமான பிறகுதான் சட்டிக்குப் போகும்.

எங்கள் பக்கத்து வீட்டு யூராலியிடம் இரண்டு பீப்பாய்கள் இருந்தன. புதிதாகப் பிடித்த நண்டின் முதுகில் அவள் புருஷன் ஒக்டாவ், மரத்துக்குப் பூசுகிற அதே சாயத்தால் ஒரு பொட்டு வைப்பான். வயிறு சுத்தமானதும் பொட்டைச் சுரண்டிவிட்டு அடுத்த பீப்பாய்க்கு மாற்றுவான். ஊரே மெச்சிய ஏற்பாடு அது. அதிலிருந்த ஓட்டை எங்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

மீனவர் திருநாள் அன்று, படகுகளை மந்திரிக்க எல்லோரும் கரைக்குப் போயிருந்தார்கள். யூராலி சேப்பங்கீரையும் தேங்காய்ப்பாலும் நண்டும் போட்டுக் கலலூ வைத்தாள். முதல் கிண்ணம் எப்போதும் மகள் செஃபினுக்கு. ஏழு வயதுப் பிள்ளை, நண்டு முதுகை உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டாள்.

"அம்மா, நாக்கு எரியுது."

"மிளகாய் போட்ட கலலூ எரியாம இனிக்குமாடி? தண்ணியக் குடி."

அப்போதுதான் ஒக்டாவ் கரையிலிருந்து திரும்பினான். கொல்லைப்பக்கத்திலிருந்து அவன் குரல் கேட்டது.

"யூராலி, புது நண்டுப் பீப்பாய் மூடிய யாரு தள்ளினது?"

"நான் அந்தப் பக்கமே போகலையே."

"மூடி மேல வச்ச கல்லு கீழ கெடக்கு. மூணு நண்டக் காணோம்."

யூராலி பிள்ளையின் கிண்ணத்தைப் பிடுங்கினாள். காலையில் கீரை பறிக்கப் போனபோது சுத்தமான நண்டுப் பீப்பாயை அவள் திறந்தே போட்டிருந்தாள். பக்கத்திலேயே மற்றது; அதிலிருந்து தப்பியவை இதற்குள் விழுந்திருக்கலாம். திரும்பி வந்து, முதுகைப் பார்க்காமலே அள்ளிச் சட்டியில் போட்டாள். சுத்தமான பீப்பாயில் இருப்பதை யார் பார்ப்பார்கள்?

"சட்டியப் பாரு! பொட்டு இருக்கான்னு பாரு!" என்று ஒக்டாவ் ஓடிவந்தான்.

அவள் ஓடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். வெந்த நண்டு கறுப்பாகவா இருக்கும்? எல்லா முதுகும் ஒரே சிவப்பு. எது பொட்டு, எது முதுகு?

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நர்ஸுக்கு ஒக்டாவ் போன் போட்டான். ஆறு பெருகிப் பாலத்தை முழுங்கியிருந்தது. "வாயை நல்லாக் கழுவிவிடுங்க, மூச்சைப் பார்த்துக்கிட்டே இருங்க. தண்ணி வடிஞ்ச அடுத்த நிமிஷம் வர்றேன்," என்றாள் நர்ஸ். வேறு என்ன சொல்வாள்?

எங்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. காணாமல்போன மூன்றும் உயிரோடு கிடைத்துவிட்டால், அவை சட்டிக்குள் போகவில்லை. கரையிலிருந்து திரும்பிய தெருவே குனிந்து தேட ஆரம்பித்தது. எதிர்வீட்டு அதேல் அத்தை, எழுபது வயதில், வீட்டுக்கடியில் தவழ்ந்தாள்.

"எனக்கு மாப்பிள்ள தேடினப்பகூட எங்கப்பன் இப்பிடித் தேடலடி!"

"தேடியிருந்தா நல்லவனாக் கெடச்சிருப்பான் அத்தை," என்றான் ஒக்டாவ். சிரிக்கத்தான் சொன்னான். சொல்லிக்கொண்டே அடுத்த கூடையைக் கவிழ்த்தான்.

ஒன்று அவனுடைய ரப்பர் பூட்ஸுக்குள்ளேயே இருந்தது, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு. இன்னொன்று நான் துணி துவைக்கிற தொட்டியில். மூன்றாவது எங்கும் இல்லை.

"அம்மா, தொண்டைக்குள்ள முள்ளு குத்துது," என்றாள் செஃபின். உதடு சிவந்திருந்தது. யூராலி பிள்ளையின் மார்பில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு எழுந்துபோய்ச் சட்டிக்குள் விரலை விட்டு வாய்க்குக் கொண்டுபோனாள்.

அதேல் அத்தை ஓடிவந்து அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "பைத்தியமாடி உனக்கு?"

"மிளகாயா மரமான்னு எனக்குத் தெரியணும் அத்தை. என் நாக்கு சொல்லும்."

"சொல்லிட்டு நீயும் சாஞ்சா? ரெண்டு பேரத் தூக்க எனக்கு ஏதுடி கை?"

வாய் கழுவிய தண்ணீரோடு பிள்ளை இருமினாள். இருமி இருமி முகம் நீலம் பாய்ந்தது. ஒக்டாவ் ஆற்றை நீந்தியே போய்விடுவதென்று அவளை முதுகில் கட்டத் துண்டை உதறினான். அந்த வெள்ளத்தில் மாடே நிற்காது. நாங்கள் தடுக்கவில்லை, கண்ணுகளா. தடுத்துவிட்டு என்ன செய்யச் சொல்வது?

அந்த நேரம் அதேல் அத்தையின் நாய் ஈரப்பலா மரத்தடியில் குரைத்தது. வேர்களுக்கு நடுவே ஒரு மனிக்கூ கிடந்தது, வயிற்றுப் பையில் குட்டி சுமக்குமே, அந்தப் பெரிய எலி மாதிரியான பிராணி. பகலில் தலைகாட்டாத ஜீவன், பட்டப்பகலில் எச்சில் ஒழுக, வாயைச் சேற்றில் தேய்த்துத் தேய்த்துப் புரண்டது. பக்கத்தில் கடித்துப்போட்ட ஓடு. வேகாத ஓடு. கன்னங்கரேலென்ற முதுகின் நடுவே, நெற்றியில் வைத்தது போலச் சிவப்புப் பொட்டு.

பீப்பாய்க் கல்லைத் தள்ளியது யார் என்று அப்போது தெரிந்தது.

ஒக்டாவ் அந்த ஓட்டை ஒரு குச்சியில் தூக்கிக்கொண்டு ஓடினான். "யூராலி! மூணாவது! சட்டியில இல்ல, சட்டியில இல்ல!" அதே சமயம் செஃபின் இன்னொரு முறை இருமித் தாயின் உள்ளங்கையில் எதையோ துப்பினாள். நகத்துண்டு அளவு நண்டு ஓட்டுச் சில்லு. முள் அதுதான். எரிச்சல் மிளகாய்தான்.

யூராலி அழவில்லை. சில்லைப் பிடித்த கையை விரிக்கவே முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, இன்னொரு முதுகு குடு," என்றாள் பிள்ளை.

சட்டியில் விஷமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் கரண்டியைத் தொடவில்லை. ஒக்டாவ் சட்டியோடு குழிதோண்டிப் புதைத்தான். மனிக்கூ கிடைத்தால் மிளகு போட்டு வதக்கித் தின்கிற ஊர் இது. அன்று அதைப் பார்த்து யாருக்கும் நாவூறவில்லை. மழை மறுபடி பிடித்துக்கொண்டபோது அது மெல்லப் புதருக்குள் ஊர்ந்து போனது. பிழைத்ததா, தெரியாது.

இப்போது எங்கள் தெருவில் புது நண்டுக்கு நீலப்பொட்டுதான் வைக்கிறோம். எத்தனை கொதித்தாலும் நீலம் நீலமாகவே நிற்கும். ஆனால் யூராலி அதையும் நம்புவதில்லை. சட்டிக்கு முன்னால் ஒவ்வொரு முதுகையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். பார்த்துவிட்டுப் பிள்ளையையும் ஒருமுறை பார்ப்பாள்.

சரி, காலை இறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். அதில் வேகிறதெல்லாம் உங்கள் பிள்ளைகளுக்கு உடம்பில் ஒட்டட்டும். உங்கள் வாசலுக்கு ஊர்ந்து வருவது எதுவானாலும், வந்த வழியே திரும்பிப் போகட்டும்.