உள்ளேயா, வெளியேயா

இரண்டு மணிக்குள் டெல்ஃபினா ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ராத்திரி விருந்து உள்ளேயா, வெளியேயா. காலையிலிருந்து வேலையில் கை ஓடவில்லை. கால் மட்டும் ஓட்டல் ஆபீசுக்கும் புல்வெளிக்குமாக ஓடிக்கொண்டே இருந்தது. புல்வெளியில் நின்று அண்ணாந்து பார்ப்பாள். பனைமரத்தில் ஒரு மட்டை அசையாது. திரும்பிப் போவாள். நாற்காலியில் உட்கார்ந்த மாத்திரத்தில் சந்தேகம் வந்துவிடும், மறுபடி எழுந்து வருவாள்.

பாம் ஸ்பிரிங்ஸ் பாலைவனக் காற்றைப் பற்றி இந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள், எல்லாம் புளுகு. அது வருகிற நாளில் வரும், வராத நாளில் வராது, அவ்வளவுதான். மார்ச் மாதத்தில் மத்தியானம் வரைக்கும் பச்சைப்பிள்ளை தூங்குகிற மாதிரி கிடக்கும். பொழுது சாய்ந்ததும் வடக்கே கணவாய் வழியாகப் பாய்ந்து வந்து, கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுப் போகும்.

வந்திருப்பவர்கள் ஒஹாயோக்காரர்கள். பல் டாக்டர்களுக்கு நாற்காலி விற்கிற கம்பெனி. முந்நூறு பேர். பனியிலிருந்து தப்பித்து இத்தனை தூரம் பறந்து வந்து, பகல் பூராவும் திரைபோட்ட கூடத்தில் ஏசிக்குள் உட்கார்ந்து விற்பனைக் கணக்குப் பார்க்கிறார்கள். இதற்கு ஒஹாயோவிலேயே இருந்திருக்கலாமே என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் நம் பிழைப்பு என்ன ஆவது? அவர்கள் கண்ணில் பாலைவனம் படுவதே ராத்திரிச் சாப்பாட்டில்தான். மலையடிவாரத்தில் புல்வெளி, மேசைக்கு மேசை விளக்கு, மேலே நட்சத்திரம். அந்த ஒரு சாப்பாட்டுக்காகத்தான் வருகிறார்கள்.

அதை உள்ளே மாற்றினால் ஜன்னலே இல்லாத விருந்துக்கூடம்தான். வெளியே என்று சொல்லி நடுவில் காற்று வந்தால் முந்நூறு பேரைத் தட்டோடு எங்கே தள்ளிக்கொண்டு போவது? அதனால்தான் இரண்டு மணி. சொன்னது சொன்னதுதான், பிறகு மாற்ற முடியாது. அதைச் சொல்கிற உரிமை ஒப்பந்தப்படி டெல்ஃபினாவுக்கு. உரிமையாம். அதை எடுத்துக்கொள்கிறேன் என்று யாராவது கேட்டால் கையில் இனிப்பும் சேர்த்துக் கொடுத்திருப்பாள்.

போன அக்டோபரில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அவள் உள்ளே என்று சொன்னாள். அன்றைக்கு மெழுகுவர்த்தி கூட அணையவில்லை. அவர்கள் இந்த வருஷக் கூட்டத்தை அரிசோனாவுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஜெனரல் மேனேஜர் பிரெஸ்காட் அவளைக் கூப்பிட்டுச் சிரித்த முகமாகவே சொன்னார்: "இன்னொரு குரூப் இப்படிக் கைவிட்டுப் போச்சுன்னா, நான் வேற ஆளைத்தான் பாக்கணும் டெல்ஃபினா. தப்பா எடுத்துக்காதே." தண்ணீர் ஊற்றுகிற பெண்ணாக இந்த ஓட்டலுக்கு வந்து, கூட்டம் நடத்த வருகிற கம்பெனிகளையெல்லாம் கவனிக்கிற இடத்துக்கு ஏறியவள் அவள். தப்பாக எடுத்துக்கொள்ளாமல் எப்படி எடுத்துக்கொள்வதாம்?

மத்தியானம் லொரெய்ன் பேரீச்சம்பழ மில்க் ஷேக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். ஒஹாயோ கம்பெனியில் இந்தப் பயணத்துக்கெல்லாம் ஏற்பாடு செய்கிறவள் அவள்தான். ஒரு வருஷமாகப் போனில் பேசிப் பேசி இரண்டு பேரும் சிநேகிதம் ஆகியிருந்தார்கள்.

"டெல்ஃபி, வெளியிலதானே? எங்க பாஸ் மலையக் காட்டிப் பேசணும்னு கண்ணாடி முன்னாடி நின்னு ஒத்திகை பாத்துட்டிருக்கார்."

"இன்னும் சொல்லல."

"நாளைக்குக் காலைல அடுத்த மூணு வருஷத்துக்கு இங்கேயா, லாஸ் வேகஸான்னு கையெழுத்துப் போடறார். ஞாபகம் இருக்கில்ல?"

"அத மறக்கத்தான் ராத்திரியெல்லாம் முயற்சி பண்ணேன்."

புல்வெளி ஆட்களின் மேஸ்திரி நாசாரியோ நிழலில் உட்கார்ந்து பரீட்டோ என்கிற ரொட்டிச் சுருளைத் தின்றுகொண்டிருந்தான். அவனிடம் போய் நின்றாள். "இன்னிக்குக் காத்து வருமா, நாசாரியோ?"

"என்னையா கேக்கறீங்க முதலாளியம்மா? நான் வரும்னு சொல்லி அது வராமப் போனா என் தலைய உருட்டறதுக்கா? எனக்குத் தெரியாது. வந்தா கூட்டுவேன், வரலேன்னா தண்ணி பாய்ச்சுவேன்."

போனில் வானிலை பார்த்தால், வீசலாம், வீசாமலும் இருக்கலாம் என்று போட்டிருந்தது. இதைச் சொல்ல ஒரு செயற்கைக்கோள். காரை எடுத்துக்கொண்டு ஊரின் வடக்குக் கோடிக்குப் போய்க் காற்றாலைகளைப் பார்த்தாள். வரிசை வரிசையாக எல்லாம் சும்மா நின்றன. ஆனால் கணவாய்க்கு அந்தப் பக்கம், கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த மேகமூட்டம் கனமாகக் குந்தியிருந்தது. அப்படி இருந்து காற்று வந்த நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. இன்றைக்கு வரும் என்று அவளுக்குப் பட்டது. அதைத் தவிர அவளிடம் வேறு காரணம் எதுவும் இல்லை.

இரண்டு அடிக்கும்போது சொன்னாள்: "உள்ளே."

கம்பெனித் தலைவர் ஸ்ட்ராட்டன் நேரிலேயே புல்வெளிக்கு வந்துவிட்டார். உயரமான மனிதர், வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. ஒரு விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிக் காட்டினார். "மேடம், காத்து எங்க இருக்கு, கொஞ்சம் காட்டுங்க. நானும் பாக்கறேன்."

"சாயங்காலம் வரலாம் சார்."

"வரலாம். எங்க மாமியார் கூடத்தான் வரலாம். அதுக்காக வீட்டப் பூட்டிட்டா போயிட்டோம்?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பிரெஸ்காட் அவள் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல், "மாத்திக்கோ" என்றார். மேசைகளை இன்னும் உள்ளே நகர்த்தவில்லை, மாற்றிக்கொள்ளலாம்தான். யார் கேட்கப்போகிறார்கள்? "உள்ளேதான் சார்" என்றாள். பிரெஸ்காட் அதற்குப் பிறகு அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஒஹாயோக்காரர்கள் புல்வெளியைத் தாண்டித்தான் கூடத்துக்குள் போனார்கள். ஒரு இலை ஆடவில்லை. மலைமேல் ரோஜா நிறத்தில் வெளிச்சம், பார்க்கிறவன் அழுதுவிடுவான், அப்படி ஒரு அழகு. போகிறவர்கள் எல்லாம் அவள் காதில் விழும்படி, "தொப்பிய இறுக்கிப் பிடிச்சுக்கோ, பறந்துடப்போவுது" என்று ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்டார்கள். அவள் சிரித்த முகமாக வாசலில் நின்று எல்லாரையும் உள்ளே அனுப்பினாள்.

அவர்கள் சாலட் தின்கிற நேரத்தில் அவள் புல்வெளியில் தனியாக நின்றாள். பத்து வருஷமாக எந்தக் காற்றைப் பார்த்து நடுங்கினாளோ, அதையே கெஞ்சினாள். "வா. வந்து தொலை. இன்னிக்கு ஒரு நாள் வந்துட்டுப் போ."

வந்தது. முதலில் பனைமரத்து உச்சியில் சலசலவென்று ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் குடைகள் கவிழ்ந்தன, நாற்காலிகள் புரண்டு ஓடின, நீச்சல்குளத்தோரம் கிடந்த சோபா தானே எழுந்து போகிற மாதிரி போய்த் தண்ணீரில் விழுந்தது. காய்ந்த மட்டைகள் தடதடவென்று இறங்கின. வாயெல்லாம் மண், கண்ணைத் திறக்க முடியவில்லை. டெல்ஃபினாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. தலைவிரிகோலமாக நின்று சிரித்தாள்.

ஓடிப்போய்க் கூடத்தின் பின்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றாள். உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. மெழுகுவர்த்திகள் ஆடாமல் எரிந்தன, ஸ்டேக் வாசனை, மேடையில் ஸ்ட்ராட்டன்.

"இங்க உங்களுக்கு மலையக் காட்டிப் பேசணும்னு இருந்தேன்" என்றார் அவர். "மலையில்ல, சுவர்தான் இருக்கு. வெளியே பெரிய புயலாம். நம்ம உயிரக் காப்பாத்தின டெல்ஃபினா மேடத்துக்கு எல்லாரும் ஒரு தடவை கைதட்டுங்க."

முந்நூறு பேரும் சிரித்துக் கைதட்டினார்கள். புல்வெளியைப் பார்த்த பெரிய கதவு அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கைப்பிடியில் கை வைத்தாள். ஒரு தள்ளுத் தள்ளினால் போதும், அத்தனை பேர் தட்டிலும் மண், அத்தனை வாயும் அடைத்துப்போகும். லொரெய்ன் திரும்பிப் பார்த்தாள், டெல்ஃபினா தலையில் மண்ணைப் பார்த்தாள், பாஸ் சிரிக்கிறாரே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டெல்ஃபினாவுக்கு அதுதான் எல்லாவற்றையும் விட வலித்தது. கைப்பிடியை விட்டுவிட்டாள்.

விருந்து முடிந்து உள்வழியாகவே அறைகளுக்குப் போய்விட்டார்கள். சத்தம் கேட்டவர்கள் கூட ஏசி சத்தம் என்று நினைத்திருப்பார்கள். இனி விடிவதற்கு முன் நாசாரியோ ஆட்களோடு வருவான். காற்று வந்த சுவடு விருந்தாளி கண்ணில் படக்கூடாது என்பது இந்த ஓட்டல்களின் சட்டம். மட்டையைப் பொறுக்கி, மண்ணைக் கூட்டி, குளத்தை வடிகட்டி, எதுவுமே நடக்காத மாதிரி ஆக்கிவிடுவான். அந்தச் சட்டத்தை இத்தனை வருஷமாகக் கத்திக் கத்தி நடத்தியவளே டெல்ஃபினாதான். நடைபாதையிலேயே நின்று அவனுக்குப் போன் போட்டாள்.

"நாசாரியோ, காலைல புல்வெளியத் தொடாதே."

"என்னது?"

"ஒரு இலையக் கூட எடுக்காதே. சோபா குளத்துலயே கிடக்கட்டும்."

"முதலாளியம்மா, நீங்க குடிச்சிருக்கீங்களா? பிரெஸ்காட் பாத்தா என் தோல உரிச்சுடுவாரு."

"நான் சொன்னேன்னு சொல்லு. என் தோல உரிக்கட்டும்."

காலையில் பிரெஸ்காட்தான் முதலில் பார்த்தார். மூஞ்சில் ஈயாடவில்லை. "என்ன டெல்ஃபினா இது? மாட்டுச்சந்தையா நடத்தறோம்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் ஸ்ட்ராட்டன் காப்பிக் கோப்பையோடு வந்துவிட்டார்.

புல்வெளியில் கால் வைக்க இடமில்லை. குளத்தில் சோபா குப்புறக் கிடந்தது. தலைமை மேசை போட இருந்த இடத்தில், பேச்சு மேடை வைக்க இருந்த அதே இடத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு மட்டை விழுந்து கிடந்தது. இரண்டு விளிம்பிலும் கருக்கு, ரம்பம் மாதிரி. ஸ்ட்ராட்டன் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்து, சட்டென்று விரலை எடுத்துக்கொண்டார்.

"இது எப்போ?"

"நீங்க எனக்குக் கைதட்டச் சொன்னீங்களே சார், அப்போ."

அவர் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். மட்டையைப் பார்த்தார். "ம்" என்றார். காப்பியைக் குடித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். மன்னிப்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

அதற்குப் பிறகு டெல்ஃபினாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூட்டம் நடக்கிற அறைக்கு வெளியே நடந்தாள், தண்ணீர் குடித்தாள், மேசை இழுப்பறையிலிருந்த தன் சாமான்களை ஒரு பையில் போட்டாள், திரும்ப எடுத்து வைத்தாள். கடைசியில் லொரெய்ன் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"போட்டுட்டார். மூணு வருஷம், இங்கேயேதான்."

டெல்ஃபினா சுவரில் சாய்ந்துகொண்டாள். வேலை இருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. "என்னப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

லொரெய்ன் தரையைப் பார்த்தாள். "டெல்ஃபி, நேத்து நான் திரும்பிக்கிட்டது தப்பு."

"அத விடு. என்ன சொன்னார்?"

அதற்குள் பிரெஸ்காட் வாயெல்லாம் பல்லாக வந்தார். "கேட்டியா? அந்த மனுஷனுக்கு என்ன ஒரு மூளை. மத்தியானம் விரல நனைச்சுப் பாத்தப்பவே ஏதோ சரியில்லேன்னு தெரிஞ்சுதாம். உள்ளே வெச்சுக்கலாம்னு அவருதான் முடிவு பண்ணாராம். டிபன் சாப்பிடறப்போ எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தார். முந்நூறு பேரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க." அவள் தோளைத் தட்டினார். "அடுத்த வருஷம் முடிவு சொல்றதுக்கு முன்னாடி, அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

டெல்ஃபினா லொரெய்னைப் பார்த்தாள். இந்தத் தடவை லொரெய்ன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஆனால் வாயையும் திறக்கவில்லை.

"கேட்டுக்கறேன் சார்" என்றாள் டெல்ஃபினா.

புல்வெளி ஓரத்தில் நாசாரியோவும் ஆட்களும் துடைப்பத்தோடு காத்திருந்தார்கள். அன்றைக்கு ராத்திரி விருந்து சியாட்டிலிலிருந்து வந்த இன்னொரு கம்பெனிக்கு. மணி இரண்டு ஆவதற்கு இன்னும் நேரம் இருந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். ஒரு மட்டை அசையவில்லை.

"என்ன முதலாளியம்மா, இன்னும் அப்படியே கிடக்கணுமா?"

"வேண்டாம். கூட்டிடு" என்றாள். "பாக்க வேண்டியவங்க பாத்துட்டாங்க."