இதுதான் சமம்

"இதுவும் பொய் சொல்லுதுண்ணே!"

ஆம்புலன்ஸைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் பட்டறைக்குள் கொண்டுவந்த தங்கைக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. மஞ்சள் விளக்கு எரிகிறது, எஞ்சின் முக்கி முனகுகிறது. வண்டி எப்படி வேகமெடுக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் அவள் மாட்டிய தீப்பெட்டி அளவு சென்சாரின் வேலை. சக்கரம் வழுக்கினால் கம்ப்யூட்டர் எஞ்சினை அடக்கும். இதுவோ தட்டையான தெருவை மலையேற்றம் என்று சாதிக்க, கம்ப்யூட்டர் குழம்பிப்போய்ச் சும்மா சும்மா அடக்கியது. பழைய சென்சார் உண்மையிலேயே செத்திருந்தது, சரி. புதிதாக மாட்டிய இரண்டுமா கெட்டுப்போகும்?

"சென்சார் செஞ்சவன் மேலதான் தப்பு," என்றாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றான் பட்டறை முதலாளியான அண்ணன். "இதுவும் சரியாகலேன்னா அவ்வளவுதான்னு முன்னாடியே சொன்னேன். ஸ்கேனரை என்கிட்ட குடுத்துட்டு நாளையிலேருந்து பழையபடி ஆயில் மாத்து."

அவளுக்குச் சுருக்கென்றது. வண்டிக் கம்ப்யூட்டரோடு பேசுகிற அந்த ஸ்கேனரை மூன்று வருஷம் கெஞ்சித்தான் கையில் வாங்கியிருந்தாள்.

அண்ணன் பாட்டுக்கு வாசல் குழாயில் கை கழுவினான். சோப்புத் தண்ணீர் ஆம்புலன்ஸின் பின்சக்கரத்தைத் தொட்டு, முன்சக்கரத்தையும் தாண்டி, யாரோ கூப்பிட்டதுபோலச் சுவரோரச் சாக்கடைக்கு ஓடியது. அண்ணன் தன் கையால் போட்ட தரை. 'ஒரு வாளி தண்ணி ஊத்தினா துடைப்பமே வேணாம்' என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்கிற தரை.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. புது சென்சாரை மாட்டியதும் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, 'இதுதான் சமம்' என்று ஸ்கேனர் வழியாக அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் அவள் சொல்லிக்கொடுத்தது இந்தச் சரிவில்!

"சார், ஏறுங்க, ஏறுங்க!" ஸ்டூலில் தூங்கி வழிந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநரை எழுப்பினாள். ஒரு கையில் ஸ்கேனர், மறு கையில் தரையின் சமம் பார்க்கிற ரசமட்டம். பக்கத்துக் குடோன் முற்றத்தில் ரசமட்டத்தின் குமிழி அசையாமல் நடுவில் நின்ற இடத்தில் வண்டியை நிறுத்தி, சென்சாருக்குப் பாடத்தை முதலிலிருந்து சொன்னாள்.

பிறகு மேம்பாலம். விளக்கு எரியவில்லை. வண்டி ஒரே மூச்சில் ஏறியது.

"ரெண்டு நாளா இந்தப் பாலத்துல நடந்து போறவங்கல்லாம் என்னை முந்தினாங்கம்மா!" என்று கத்தினார் ஓட்டுநர். சந்தோஷத்தில் சைரனை அமுக்கப்போனவரை அவள்தான் தடுத்தாள். அவளுக்கும் அமுக்க ஆசைதான்.

திரும்பி வந்து அவள் மூச்சிரைக்கச் சொன்னதையெல்லாம் அண்ணன் கேட்டான். ரசமட்டத்தை வாங்கித் தன் தரையில் வைத்து, குப்புறப் படுத்துப் பார்த்தான். குமிழி ஓரத்துக்கு ஓடி ஒட்டிக்கொண்டது.

"கூடம் கோணல்தான்," என்றான். காது சிவந்திருந்தது.

எழுந்து போனை எடுத்தான். இங்கே சென்சார் மாற்றிக்கொண்டு போன பிறகு இதே விளக்கு எரிகிறது என்று போன மாதம் திரும்பி வந்த வேன்காரரை, 'உங்களுக்கு ஓட்டத் தெரியல' என்று திருப்பி அனுப்பியவன் அவன்.

"வண்டியைக் கொண்டாங்க. தப்பு எங்க தரையில. என் தங்கச்சி கண்டுபிடிச்சிட்டா." கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தலையாட்டினான். "இல்லீங்க, நான் பார்க்க மாட்டேன். இனிமே அவதான் பார்ப்பா."