ஏலாது

குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்களுக்கு அறபு பேசப் பழக்கவென்று சாய்ந்தமருதில் ஒரு வகுப்பு நடத்திவந்தார் பளீல் மௌலவி. நாளுக்கு மூன்று தொகுதி. தொண்டை கட்டிப்போகும், ஓதுவதற்கு மார்க்கக் கிதாபு விரிக்கவும் நேரமில்லை. ஊரார் மெச்ச மெச்ச அவருக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

முதல் தொகுதியில் படித்துப்போன சரீபா எட்டாம் மாதமே திரும்பிவந்து வாசலில் நின்றாள். குவைத்து வீட்டுக்காரி இஸ்திரிப்பெட்டியால் வைத்த சூடு முன்னங்கையில் கறுத்துக் கிடந்தது.

“நீங்க சொல்லித்தந்த ‘சரி’, ‘வாறன்’, ‘மன்னிச்சிருங்க’ எல்லாம் நல்லா உதவிச்சு மௌலவி. காய்ச்சலோட கிடந்த அண்டைக்கு, ‘எனக்கு ஏலா’ எண்டு சொல்லத்தான் ஒரு சொல்லும் வரல்ல.”

மௌலவி மூன்று நாள் வகுப்பைப் பூட்டிப்போட்டார். இந்த வேலையே வேண்டாமென்றுகூட நினைத்தார். நான்காம் நாள் ஒரேயொரு தொகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, சரீபாவையும் கூப்பிட்டு முன்னால் இருத்தி, ‘என்னால் ஏலாது’ என்பதைப் பலகையில் அறபில் எழுதினார்.

“சொல்லுங்க புள்ளையள்.”

ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அறபுதான் கஷ்டமாக்கும் என்று நினைத்து, தமிழில் சொல்லச் சொன்னார்.

அப்போதும் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

“தமிழிலயே தொடங்குவம் மௌலவி,” என்றாள் சரீபா.