அன்றைக்கு என் முறை

ஆண்டனி,

நீ மண்ணுக்குள் போய் ஒன்பது நாள் ஆகிறது. உன் மேல் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "இன்னைக்கு நான் ஏறிக்கறேன், நீ ஏணியப் புடி" என்று சொல்லச் சொல்லி உன்னை யார் கேட்டது? பெரிய தியாகி!

பத்தொன்பது வருஷம் ஒரே ஏணி, நாம் இரண்டு பேர். ஒரு நாள் நீ சில்வர் ஓக் மரத்தில் ஏறி மிளகு பறிப்பாய், நான் கீழே பிடித்துக்கொள்வேன். மறுநாள் மாற்றி. அன்றைக்கு என் முறை. முந்தின நாள் கரடியூர்க் கல்யாணத்தில் மூக்குமுட்டக் குடித்துவிட்டு வந்திருந்தேன். காலையிலும் வாடை போகவில்லை. அதனால்தானே நீ ஏறினாய்? முப்பது அடி உயரத்தில் படி முறிந்தது. அது உளுத்துப்போச்சு, மாற்றுங்கள் என்று எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரிடம் மூன்று தடவை சொன்னவனும் நீதான்.

அந்த ரைட்டர் அன்பழகன் செய்த வேலையைக் கேள். உன்னை அடக்கம் செய்த மூன்றாம் நாள் என்னை எஸ்டேட் ஆபீசுக்குக் கூப்பிட்டான். நாற்காலி போட்டான். இத்தனை வருஷத்தில் அங்கே நான் உட்கார்ந்ததே இல்லை. ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினான்.

"மாதப்பா, வர்ற வெள்ளிக்கிழமை லேபர் ஆபீசர் விசாரணைக்கு வர்றாரு. நீதான் கண்ணால பார்த்த ஆளு. ஆண்டனி ராஜ் குடிச்சிட்டு ஏறினான், நான் சொல்லியும் கேக்கலைன்னு நாலு வரி எழுதிக் குடு."

"அவன் தொடவே மாட்டானுங்களே சார்."

"அந்த எடத்துல பிராந்தி வாடை அடிச்சுதுன்னு எல்லாரும் சொல்றாங்களே?"

அது என் வாடையடா!

"படி உளுத்துப்போச்சுன்னு மூணு வாட்டி சொன்னானுங்களே?"

"அந்த ஏணிய எரிச்சாச்சு. உனக்கு லைன் ஊடு வேணுமா வேண்டாமா, அத மட்டும் யோசி."

மூஞ்சியில் கிழித்து எறிந்திருக்க வேண்டாமா? தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். எஸ்டேட் கொடுத்த வீடு என்றதும் என் கலாவதியும் பிள்ளைகளும் கண்ணில் வந்து நின்றார்கள். நாலு நாள் அந்தத் தாள் பையிலேயே கிடந்தது. தினமும் உன் வீட்டுக்குப் போய், உன் பெண்டாட்டி போட்ட சோற்றைத் தின்றுவிட்டு வந்தேன். வெட்கங்கெட்டவன்.

புதன்கிழமை சாயங்காலம் எழுத உட்கார்ந்தேன். 'ஆண்டனி ராஜ்' என்று எழுதியதோடு கை நின்றுவிட்டது. இந்த வேலைக்கு வருமுன் நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் கிடந்த இரண்டு வருஷத்தில் நீ பதினொரு இன்லண்ட் லெட்டர் போட்டாய். போன் இருக்கும்போது எதற்கடா லெட்டர் என்று கேட்டேன். "போன்ல திட்டினா நீ பாதியிலயே வெச்சிருவே" என்றாய். சேர்வராயன் கோயில் திருவிழாவில் யார் யாரோடு அடித்துக்கொண்டார்கள், கொட்டச்சேட்டு பஸ் எங்கே கவிழப்பார்த்தது என்று ஒன்று விடாமல் எழுதுவாய். கடைசி வரி மட்டும் மாறாது. 'குடிக்காதே, ஊருக்கு வந்து சேர்.' ஒன்றுக்காவது பதில் போட்டேனா? சோம்பேறி நாய்!

இப்போது முதன்முதலாக உன் பெயரை எழுதி, அதற்குக் கீழே பொய்யா எழுதுவது? பெயருக்கு முன்னால் 'அன்புள்ள' என்று போட்டேன். அப்புறம் கை நிற்கவில்லை. என் குடி, என் முறை, உளுத்த படி, எரித்த ஏணி, ரைட்டர் பேசிய பேச்சு எல்லாம் எழுதினேன். தாளின் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது.

உனக்கு எழுதிய கடிதம் உன் வீட்டுக்குத்தானே போக வேண்டும்? மறுநாள் காலையில் செல்வமேரியிடம் கொண்டு போனேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள். "ஏனுங்கண்ணா, அவரு குடிச்சிருந்தாருன்னு லைன் பூரா பேசறாங்க. நானே அவர சந்தேகப்பட்டுட்டனுங்க. நொம்பப் பாவம் பண்ணிட்டனுங்க நானு."

கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

"அன்னைக்கு உங்க முறையா?"

"ஆமாம்மா."

"ஏழு நாளா இந்த ஊட்ல சோறு தின்னீங்க. ஒரு வார்த்தை சொல்லலையே?"

கிழித்துப் போடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தாளைத் திருப்பி என்னிடம் நீட்டினாள்.

"கையெழுத்துப் போடலையே. போடுங்க."

போட்டேன்.

"நாளைக்கு ஆபீசர் கையில நானே குடுக்கறேன். நீங்க இனி இந்த ஊட்டுப் பக்கம் வராதீங்கண்ணா."

நேற்று கொடுத்துவிட்டாள். ஆபீசர் அதை உரக்கப் படிக்கச் சொன்னார். உன் பெண்டாட்டி எல்லார் முன்னாலும் 'அன்புள்ள ஆண்டனி ராஜ்' என்று தொடங்கிக் கடைசி வரைக்கும் படித்தாள். குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. இனி உன்னைக் குடிகாரன் என்று ஒருத்தன் சொல்லட்டும், பார்க்கிறேன். ரைட்டர் தலையைத் தூக்கவே இல்லை. ஆனால் சாயங்காலமே எஸ்டேட் ஆள் வந்து, மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ணு என்று சொல்லிவிட்டுப் போனான். கலாவதி என்னைத் திட்டிக்கொண்டே பாத்திரங்களை மூட்டை கட்டுகிறாள்.

போகட்டும். எனக்கு ஆறாதது ஒன்றுதான். அன்றைக்கு என்னை ஏற விட்டிருந்தால், இந்தக் கடிதத்தை எனக்கு நீ எழுதியிருப்பாய். அந்தத் தாளை நாலு நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்க மாட்டாய், பாவி.

மாதப்பன்