கழுத்து வரை பெட்ரோல்

காரில் எஞ்சின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கி இருபத்தாறு நாள். அண்ணன் போய் இருபத்து மூன்று நாள். விளக்கைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கிடம் காட்டிவிடுகிறேன் என்றவன் ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கவில்லை. காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றான். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து சாவு என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் அப்பாவின் வாயில் வரவில்லை. அழவும் இல்லை. போனில் யாராவது கேட்டால், வெளியே போயிருக்கிறான் என்பார். அம்மா மகளை அடுப்படிக்குக் கூப்பிட்டுச் சொல்லிவைத்திருந்தாள்.

"அவரே சொல்லட்டும், நீ முந்திக்காதே. சொன்னாத்தான் அழுகை வரும். இப்படியே அடக்கி வச்சிருந்தா அவரும் நமக்குத் தங்க மாட்டாரு."

இன்று காலை அப்பா அண்ணனின் பழைய காரை வெளியே எடுத்தார். தனியாக விட மனமில்லாமல் அவளும் ஏறிக்கொண்டாள். சிக்னல் வந்தபோதெல்லாம் அப்பா எஞ்சினை அணைத்தார்.

அண்ணன் போன செய்தி மெக்கானிக்கின் காதில் விழுந்திருக்கவில்லை. ஸ்கேனரை மாட்டிப் பார்த்து, பெட்ரோல் ஆவி எங்கேயோ கசிகிறது என்றான். முதலில் டேங்க் மூடியின் ரப்பரை விரலால் தடவினான். அது நன்றாகத்தான் இருந்தது. கசிகிற இடம் தெரிய ஆவிக் குழாய்க்குள் புகையை ஏற்றிவிட்டு, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தான். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், மூடாமல் சிக்கிக்கொண்ட ஒரு வால்விலிருந்து புகை நூலாக வந்தது. அதை ஒட்டியிருந்த கரிப்பெட்டியைக் கழற்றினான். டேங்கிலிருந்து வரும் ஆவியைப் பிடித்துவைக்கும் பெட்டி அது; ஆவி மட்டுமே போக வேண்டிய இடம். கவிழ்த்தால் பெட்ரோலே சொட்டியது.

"நம்ம தம்பி வேலைதான் சார் இது. பம்பு போதும்னு நின்னாலும் அவனுக்குப் போதாது, ஓசியில கிடைச்ச மாதிரி கழுத்து வரைக்கும் ரொப்புவான். அமுதமே அளவுக்கு மிஞ்சினா நஞ்சு, பெட்ரோல் எம்மாத்திரம்? கொஞ்சம் சொல்லிவைங்க."

"சொல்றேன்" என்றார் அப்பா. சிரிக்கக்கூடச் செய்தார். அவள் தரையிலிருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

புதுப் பெட்டியும் வால்வும் மாட்டியாயிற்று. ஆனால் கசிவு நின்றதா என்று வண்டியே தன்னைச் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். டேங்க் இப்படித் தளும்பினால் அந்தச் சோதனை ஓடாது. பாதியை இறக்கிவிட்டு, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் கிளப்ப வேண்டும் என்று சொல்லி, மெக்கானிக் கேனையும் குழாயையும் எடுத்து வந்தான்.

அப்பா டேங்க் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"வேணாம்."

ஒரு சொட்டுகூட வீணாகாது, கேனோடு கையில் கொடுத்துவிடுகிறேன் என்றான் அவன். அப்பா கையை எடுக்கவில்லை. மெக்கானிக் அவளைப் பார்த்தான். அவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டாள்.

"சரி விடுங்க சார்," அவன் கேனைக் கீழே வைத்தான். "தம்பிய ரெண்டு நாள் நல்லா ஓட்டச் சொல்லுங்க. தானா குறைஞ்சிடும்."

அப்பாவின் விரல்கள் மூடியின்மேல் மெல்ல மடங்கின.

"இது அவன் போட்ட பெட்ரோல்ப்பா" என்றார். மற்றக் கையையும் மூடியின்மேல் வைத்துக்கொண்டு மெக்கானிக்கை நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் செத்துட்டான்."