மலைக்குப் போன திங்கட்கிழமைகள்

பேசுவதற்குக் காசு கொடுக்கிற அதிசயத்தை நான் மைசூரில்தான் பார்த்தேன். அதுவும் பேசுவது நாம். ஒரு அம்மா எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார், அவருக்கு ஐம்பது ரூபாய்.

என் வீட்டுக்காரர் செல்லக்கண்ணு பேக்டரியில் தகடு வெட்டுகிற பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். பக்கத்து மெஷினில் ஒருவரின் கை போனதைக் கண்ணால் பார்த்ததிலிருந்து இவருக்குத் தூக்கம் போய்விட்டது. சுவிட்சைத் தொட்டாலே நடுக்கம். மெஷினை விட்டால் பிழைப்புக்கு வேறு வழியும் இல்லை.

மாதாமாதம் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதி வாங்கினால் மனநல டாக்டரை இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் அந்தச் சீட்டு பேக்டரியில் வருகைக் கணக்குப் பார்க்கிற டைம் ஆபீசுக்குப் போகும். டைம் ஆபீஸ் மல்லப்பன் எங்கள் ஊரான கௌதள்ளிக்காரர், இங்கேயும் எங்கள் லைன் வீடுகளில்தான் குடியிருக்கிறார். அவர் கண்ணில் சீட்டு பட்டால் ஊர்வரைக்கும் பைத்தியக்காரன் என்று பேர் பரவிவிடும் என்று இவர் பிடிவாதம். எனக்கு எரிச்சலான எரிச்சல். நம் காசு அங்கே கிடக்க, கைக்காசைக் கொட்ட வேண்டுமா? இவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அக்ரஹாரத்தில் மாடி அறை வைத்து மனக்கஷ்டம் கேட்டு ஆலோசனை சொல்கிற ஸ்ரீதேவி அம்மாவிடம், வார லீவான திங்கட்கிழமைகளில் போகத் தொடங்கினோம்.

லைனில் கேட்டவர்களிடம் மாதேஸ்வரன் மலைக்கு வேண்டுதல் என்று சொல்லிவைத்தேன். நம் ஊர்ப்பக்கத்துச் சாமி, யாருக்கும் சந்தேகம் வராது. சொன்ன பிறகுதான் உறைத்தது. மலைக்குப் போனவர்கள் மத்தியானத்துக்குள் எப்படித் திரும்புவது? பொழுது சாயும்வரை வெளியிலேயே கிடக்க வேண்டியதாயிற்று. புளிசோறு கட்டிக்கொண்டு போய்ப் பூங்காவில் உட்கார்ந்தோம்.

கல்யாணமான நாளிலிருந்து ஒரு பகல் முழுக்க நாங்கள் சேர்ந்து இருந்ததே இல்லை. மாடியில் ஆரம்பித்த பேச்சை இவர் மரத்தடியில் முடிப்பார். முதலில் அந்தக் கையைப் பற்றி, பிறகு மெல்ல மெல்ல மற்றதெல்லாம். பேசிக்கொண்டே புல்லில் தூங்கியும் போவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் ஈயை விரட்டிக்கொண்டிருப்பேன். அப்போது இருந்த நிம்மதி எனக்கு வேறெப்போதும் இருந்ததில்லை. சாயங்காலம் மிட்டாய்க்கடையில் லட்டு வாங்கி, லைனில் பிரசாதம் என்று கொடுத்துவிடுவேன். மலைமேல் இருக்கிற மாதப்பன் மன்னிப்பான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கையில் என் லட்டோடு மல்லப்பன் வாசலில் வந்து நின்றார்.

"நேத்து ஸ்டிரைக்கு. கொள்ளேகால் வழியா மலைக்கு ஒரு பஸ்ஸும் ஓடுல. நீங்க எப்பிடி தேவம்மா மலைக்குப் போனீங்க?"

உள்ளேயிருந்து இவர் எழுந்து வந்தார். எதையாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். மல்லப்பனை உட்காரச் சொல்லிவிட்டு, தூக்கம் போனது, சீட்டுக்குப் பயந்தது, மாடி அறை, ஐம்பது ரூபாய் எல்லாவற்றையும் சொன்னார். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை.

மல்லப்பன் லட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீட்டு எங் கைக்குத்தான் வருது. எங்கிட்டயே நிக்கும்" என்றார். பிறகு, "கை போன அந்தாளத் தூக்கிட்டுப் போனது நாந்தான் செல்லக்கண்ணு. எனக்கு மட்டும் தூக்கம் வருதுன்னா நெனச்சே?"

அடுத்த வாரத்திலிருந்து ஷிப்டு முடிந்து இருவரும் சேர்ந்தே ஈ.எஸ்.ஐ.க்குப் போய் வந்தார்கள். மெஷினில் இவர் கை நடுக்கமும் நின்றது. ஐம்பது ரூபாயும் மிச்சம். இதைத்தானே முதலிலிருந்தே நினைத்தேன்? ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புளி டப்பாவை எடுத்தவள், இனி எதற்கு என்று திரும்ப வைத்துவிட்டேன். அழுகை வந்தது.

மறுநாள் விடிந்து பார்த்தால் இவர் குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியில் நிற்கிறார்.

"இன்னும் சோறு கட்டுலயா புள்ள? மலைக்கு நேரமாச்சு" என்றார்.